கூடுதலாக ஒரு கிண்ணம்

“உட்காருங்க டாக்டர். சூப் ஆறிடும்.”

“இல்ல, வேண்டாம். நான் வேலையா வந்திருக்கேன்.”

“நாங்க மட்டும் என்ன, கல்யாணத்துக்கா வந்திருக்கோம்? நாங்களும் வேலைக்குத்தான் வந்திருக்கோம். அதுக்காக வயிறு சும்மா இருக்குதா?”

“வீட்ல எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“அப்படிச் சொல்லுங்க. காத்திருக்கறவங்கள விட்டுட்டு இங்க சாப்பிடுங்கன்னு சொன்னா எனக்குத்தான் பாவம். சரி, இனிமே கூப்பிட மாட்டேன். ஆனா ஒண்ணு டாக்டர்...”

“என்ன?”

“என்னிக்காவது ஒருநாள் வீட்ல யாரும் காத்திருக்கலன்னா, வாயத் தொறந்து கேட்டுடணும். நான் எப்பவும் ஒரு கிண்ணம் கூடுதலாத்தான் எடுத்து வைப்பேன்.”

இந்தப் பேச்சு நடந்து வருடங்கள் பல ஓடிவிட்டன. சொன்னவர் கால் சென்டர் பொறுப்பாளர் முன்ஜி, கேட்டவள் ரவ்தா. சொன்ன இரண்டையும் அவர் காப்பாற்றினார். அதற்குப் பிறகு எந்த ரமலானிலும் அவர் ரவ்தாவைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. எந்த ரமலானிலும் அந்தக் கூடுதல் கிண்ணத்தை எடுத்து வைக்க மறக்கவுமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தது ரவ்தாதான். முதல் நாள் அவள் சொன்னது பொய். அன்று அவள் வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அதன் பிறகும் யாரும் வந்து சேரவில்லை.

ரமலான் பாதி கழிந்துவிட்ட இந்தப் பிற்பகலில், துனிஸ் நகரத்தின் லஃபாயெத் பகுதியில், நான்காம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து, ரவ்தா அந்தப் பேச்சை மறுபடியும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது ஓட்டினாலும், ‘வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க’ என்கிற இடம் வந்ததும் அவளுக்குக் காது சூடாகிவிடும். இன்றும் ஆனது.

ரவ்தா மருத்துவர் இல்லை, டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியை. போன கோடையில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றாள். நிறுவன உளவியல் அவள் துறை. வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் எதை உணர்கிறார்கள், எதை உணர்வதுபோலக் காட்டிக்கொள்கிறார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அவர்களை என்ன பாடுபடுத்துகிறது என்பதுதான் அவள் ஆயுள் முழுக்கப் படித்தது. ஆரம்பத்தில் இதை ஒரு படிப்பாகவே யாரும் மதிக்கவில்லை. “அழுகைய எந்தத் தராசுல போட்டு நிறுப்பே?” என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி. அம்மா அதற்கும் ஒருபடி மேலே போனாள். “ஊரான் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார்றதுக்கு அரசாங்கம் சம்பளம் வேற குடுக்குதா? இது தெரியாம நான் ஆயுசு பூரா சும்மாவே பாத்துட்டேனே!”

அவளுடைய முதல் ஆராய்ச்சி மின்சாரக் கட்டணம் கட்டும் ஒரு கவுன்டரில் தொடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். கண்ணாடிக்கு முன்னால் காலையிலிருந்து கத்துகிற கூட்டம். அந்தப் பெண் யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. “சொல்லுங்கய்யா, சொல்லுங்கம்மா” என்று ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மதியம் ஜன்னலை இழுத்து மூடியதும் மேஜைமேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து பவுடர் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள். நெற்றி மேஜையில் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தை மூலையில் இருந்த ரவ்தா பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எந்தப் படிப்பும் பிடிக்கவில்லை.

அதன் பின் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நர்ஸுகள், ஹம்மாமத் கடற்கரை ஓட்டல்களில் வரவேற்பாளர்கள், வங்கிகள், கடைசியில் கால் சென்டர். அவள் கண்டுபிடித்ததில் ஊருக்கெல்லாம் தெரிந்தது ஒன்றுதான். சிரிப்பதால் யாரும் களைத்துப் போவதில்லை, அந்தச் சிரிப்பைக் கழற்றி வைக்க ஓர் இடமில்லாதவர்கள்தான் களைத்துப் போகிறார்கள். மாணவர்கள் இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். கெய்ரோவிலும் ராபாத்திலும் மார்சேயிலும் மேடையேறி இதைச் சொல்லி ரவ்தா கைதட்டல் வாங்கினாள். கைதட்டல் முடிந்ததும் ஓட்டல் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, கட்டிலின் ஓரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.

அவளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பார்க்க வந்தவள் பந்தியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பார்க்கப்படுகிறவர்கள் அவளுக்காக நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் எங்கே போனாலும் மூலையில் ஒரு நாற்காலி, மங்கலான நிறத்தில் உடுப்பு, சொந்தத் தண்ணீர் பாட்டில். அவர்கள் நீட்டும் காபியை வாங்க மாட்டாள். யாருடைய பிறந்த நாளையும் தெரிந்துகொள்ள மாட்டாள். ஆராய்ச்சிக்கு இது நல்ல பழக்கம். ஆனால் ஆராய்ச்சி முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

நவ்ஃபல் என்று அவளுக்கு ஒரு கணவன் இருந்தான். கொஞ்ச காலம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது அவன் கோபப்படக்கூட இல்லை. “நீ என்கூட வாழல ரவ்தா. என்னையப் பாத்துக்கிட்டு இருந்தே” என்று மட்டும் சொன்னான். அந்த நேரத்திலும் அவனுடைய இடது கை சாவிக்கொத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதைத்தான் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

கால் சென்டர் ஏரிக்கரையில், கண்ணாடிக் கட்டடங்களின் வரிசையில் இருந்தது. பிரான்ஸில் யார் வீட்டிலாவது இணையம் நின்றுபோனால் மணி இங்கே அடிக்கும். பேசுகிறவர்கள் எல்லோருக்கும் போனில் ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. ஹாஜர் என்கிற வாயாடிப் பெண் போனில் எலன். மாலை ஷிப்டுக்குப் பொறுப்பாளரான முன்ஜி போனில் மிஷேல். ஒவ்வொருவர் மேஜையிலும் உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி. முகம் சிரித்தால்தான் குரல் சிரிக்கும் என்று கம்பெனி வைத்தது. நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தெரியாத ஊரின் தெரியாத மனிதர்களிடம் திட்டு வாங்குவார்கள்.

ரமலானில் நோன்பு திறக்கும் நேரம் இங்கே வேறு மாதிரி. பிரான்ஸில் இருப்பவர்களுக்கு இங்கே பொழுது சாய்ந்தது தெரியாது, மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் பாதிப் பேர் போனில் இருப்பார்கள், பாதிப் பேர் சாப்பிடுவார்கள். பிறகு மாறிக்கொள்வார்கள். போனில் இருப்பவர்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பேரீச்சம்பழம் வைத்திருப்பார்கள். நோன்பு திறக்கும் நேரத்தை அறிவித்துப் போடும் வெடிச் சத்தம் கேட்டதும் அதை வாயில் போட்டுக் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேச்சைத் தொடர்வார்கள். ஹாலின் கடைசியில் ஒரு நீள மேஜை. முன்ஜி வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவரும் ஷோர்பா சூப் அதில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருக்கும். அந்த மேஜைக்கென்று ஒரு சட்டம் உண்டு. போன் பெயரை அங்கே யாரும் சொல்லக் கூடாது. தப்பித் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அத்தனை கிண்ணங்களையும் சொன்னவர்தான் கழுவ வேண்டும்.

ரவ்தா ஆராய்ச்சிக்காக ஒரு ரமலானில் அங்கே போனாள். ஒரு ரமலான் போதும், ஆராய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அடுத்த ரமலானிலும் போனாள். அதற்கடுத்ததிலும் போனாள். ஒவ்வொரு முறையும் அனுமதிக்கு ஒரு புதுக் காரணம் சொன்னாள். அவளுடைய வீட்டில், நோன்பு திறக்கும் நேரத்தில், ஐந்து மாடிகளிலிருந்தும் கரண்டிச் சத்தம் கிணறு மாதிரியான நடு முற்றத்தின் வழியாக அவள் ஜன்னலுக்கு வரும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பேச்சு நின்று கரண்டிகள் மட்டும் கிண்ணத்தில் தட்டும் அந்தச் சில நிமிடங்களை அவளால் தாங்க முடிவதில்லை. ஏரிக்கரையின் மூலை நாற்காலியில் உட்கார்ந்தால் அதே கரண்டிச் சத்தம் பக்கத்திலேயே கேட்கும், முகங்களோடு. அதுவே அவளுக்குப் போதும் என்றிருந்தது. வெடி போட்டதும் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிப்பாள். பிறகு வீட்டுக்குப் போய் ஆறியதை எடுத்துச் சாப்பிடுவாள்.

காத்திருக்கிறார்கள் என்று அன்று சொன்ன பொய்க்கு ஒரு தண்டனையும் சேர்ந்தே வந்தது. கிளம்பும்போது முன்ஜி ஒரு சின்னப் பெட்டியை நீட்டுவார். “பிள்ளைங்களுக்கு” என்பார். உள்ளே தேனில் ஊறிய மக்ரூத் பலகாரம் இருக்கும். எந்தப் பிள்ளைகளுக்கு என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. வீட்டில் அந்தப் பெட்டி மேஜைமேல் இருக்கும். தினமும் ஒன்றாக அவளே தின்று தீர்ப்பாள்.

போன கோடையில் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு விடை கொடுத்தார்கள். டீன் பேசினார், மாணவர்கள் பேசினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எந்தச் சிரிப்பு எந்த ரகம் என்று ரவ்தாவுக்கு அச்சடித்த மாதிரித் தெரிந்தது. அவளும் சிரித்தாள். அது எந்த ரகம் என்பதும் தெரிந்தது. மறுநாள் அலுவலக அறைச் சாவியைக் கொடுத்தாள். அதோடு ஏரிக்கரைக் கட்டடத்துக்குப் போவதற்கான காரணமும் போயிற்று.

இந்த ரமலான் தொடங்கியதிலிருந்து அவள் வீட்டிலேயே, கரண்டிச் சத்தத்துக்கு நடுவே, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு நோன்பு திறந்தாள். நேற்று ஹாஜர் போன் செய்தாள்.

“என்ன டாக்டர், எங்கள மறந்துட்டீங்களா? எங்களப் பத்தி எழுதின புத்தகம் வந்துடுச்சு, இனிமே இவளுங்க எதுக்குன்னு விட்டுட்டீங்களா?”

“அப்படியெல்லாம் இல்ல ஹாஜர்.”

“முன்ஜி அண்ணன் தினமும் அந்த மூலையப் பாக்கறாரு. கேட்டா, லைட்டு சரியா எரியுதான்னு பாத்தேங்கறாரு. அந்த மூலையில லைட்டே கெடையாது டாக்டர்.”

ரவ்தா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவரும் போறாரு, தெரியுமா? பெருநாள் முடிஞ்சதும் சூஸாவுக்கு, பொண்ணு வீட்டுக்கு. வேலையையும் விடறாரு. தனியா இருந்து என்னப்பா பண்றே, இங்க வந்துடுன்னு பொண்ணு ஒரே நச்சரிப்பு. இனிமே எங்களுக்கு யாரு ஷோர்பா வைக்கறது? நான் வச்சா கம்பெனி ஆம்புலன்ஸ்தான் கூப்பிடணும்.”

போனை வைத்த பிறகும் ஹாஜரின் சிரிப்பு அறைக்குள்ளேயே இருந்தது. ரவ்தா மேஜையைப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு டம்ளர். முன்ஜியின் மனைவி இறந்துபோனவள். ஹாஜர்தான் எப்போதோ சொன்னாள். அவள் போன பிறகுதான் முன்ஜி மாலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். எதற்காக மாலை ஷிப்ட் என்று ரவ்தாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று அவள் எழுந்து முகம் கழுவினாள். வழக்கமான சாம்பல் நிற உடுப்பை எடுத்தவள், அதைத் திரும்ப மாட்டிவிட்டு, நீல நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். கைப்பையில் பேனாவும் தாளும் எடுத்து வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது.

தெருவெல்லாம் ஒரே ஓட்டமாக இருந்தது. ரொட்டிக் கடையில் தள்ளுமுள்ளு. கையில் கொத்தமல்லிக் கட்டோடு ஓர் ஆள் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார். டாக்ஸிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு, “உங்கள எறக்கிவிட்டுட்டு நேரா வீட்டுக்குத்தாம்மா. அதுக்கு மேல ராஜாவே வந்தாலும் ஏத்த மாட்டேன்” என்றார். ஏரிக்கரைக்கு வந்தபோது சாலை துடைத்துவிட்ட மாதிரிக் காலியாக இருந்தது.

வாசலில் காவலாளி ஹஸூனா எழுந்து நின்றார்.

“டாக்டர் அம்மா! எங்க ஆளையே காணோம்? பாஸ் குடுங்க.”

“பாஸ் முடிஞ்சுபோச்சு ஹஸூனா. நான் ரிட்டயர் ஆயிட்டேன்.”

“அப்ப இன்னிக்கு விருந்தாளி. யாரப் பாக்க வந்திருக்கீங்க?”

ரவ்தா திகைத்தாள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சுலபம். அவள் எல்லோரையும் பார்க்க வருகிறவள்.

“எல்லாரையும்தான்” என்றாள்.

“எல்லாரும்னு ஒரு ஆள் இந்தக் கட்டடத்துல இல்லையேம்மா. ஒரு பேர் சொல்லணும். அவர் கீழ வந்து கூட்டிக்கிட்டுப் போகணும். சட்டுனு சொல்லுங்க. என் பொண்டாட்டி முட்டை வச்சுப் பொரிச்சுக் குடுத்துவிட்ட பிரிக் அந்த டப்பாவுக்குள்ள கெடந்து என்னையே மொறைக்குது.”

“முன்ஜி” என்றாள் ரவ்தா. பேராசிரியையின் குரலில் சொல்லத்தான் நினைத்தாள். அந்தக் குரல் வரவில்லை.

“இவ்வளவுதானா? இதுக்கா இம்புட்டு யோசன!” என்றபடி ஹஸூனா போனை எடுத்தார்.

முன்ஜி இறங்கி வந்தார். உயரமான ஆள், கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. அவளைப் பார்த்ததும் படியிலேயே ஒரு கணம் நின்றார்.

“ஆராய்ச்சி இன்னும் முடியலையா டாக்டர்?”

அந்தக் கிண்ணத்தைக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் பழகிப்போன நாக்கு முந்திக்கொண்டது. “ஒண்ணு ரெண்டு விஷயம் சரி பாக்க வேண்டியிருக்கு.”

முன்ஜியின் முகத்தில் ஏதோ ஒரு விளக்கு ஏற்றியதும் அணைந்த மாதிரி இருந்தது. முகங்களைப் படித்தே வயதானவள் அவள். அது என்ன என்று சொல்லத் துணியவில்லை.

“சரி, வாங்க. உங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு.”

மேலே, ஹாஜர் போனில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, “நீலம்! டாக்டர் நீலம் போட்டிருக்காங்க! யாராவது ஜன்னலத் தொறந்து பாருங்க, மழை வருதான்னு!” என்று கத்திவிட்டு, உடனே குரலைத் தேனாக்கிக்கொண்டு பிரெஞ்சுக்குத் திரும்பினாள். மூலை நாற்காலியின் முதுகில் யாரோ கோட்டு மாட்டியிருந்தார்கள். முன்ஜி அதை எடுத்துவிட்டுக் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். ரவ்தா உட்கார்ந்தாள். பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

நீள மேஜையில் ஒருவர் ரொட்டியைப் பிய்த்து வைத்தார். இன்னொருவர் மோர் ஊற்றினார். முன்ஜி கிண்ணங்களை வரிசையாக அடுக்கினார். கடைசியில், யாருக்கும் இல்லாத இடத்தில், ஒன்று கூடுதலாக வைத்தார். இந்த வருடமும். அவள் வராத நாட்களிலும் இப்படித்தான் வைத்திருப்பாரோ என்று நினைத்தாள்.

வெடிச் சத்தம் கேட்டது. தொலைவில் பாங்கு எழுந்தது. மேஜையில் இருந்தவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார்கள். போனில் இருந்தவர்கள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். ஹாஜரின் கன்னம் உப்பியது.

“ஆமாங்கய்யா... எலன்தான் பேசறேன்... சளியா? ஆமாங்கய்யா, ரொம்பச் சளி. இங்க ஒரே குளிர்...”

வெளியே ஏரிமேல் சூடு இன்னும் அடங்கியிருக்கவில்லை. மேஜையில் இருந்தவர்கள் சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறியது. ரவ்தா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். பேனாவை மூடினாள்.

முதல் பாதி எழுந்து போனில் உட்கார்ந்தது. இரண்டாம் பாதி மேஜைக்கு வந்தது. ஹாஜர் உட்காரும்போதே, “மிஷேல் அண்ணே, எனக்குக் கறி நிறைய” என்றாள். சொன்ன உடனேயே வாயைப் பொத்திக்கொண்டாள். மேஜையே கைதட்டியது.

“கழுவு, கழுவு! எல்லாக் கிண்ணத்தையும் கழுவு!”

“அண்ணே, பசில வந்துடுச்சு. பசிச்சவ பேசினது கணக்குல வராது.”

“வரும்” என்றார் முன்ஜி. “நல்லாத் தேச்சுக் கழுவணும். போன தடவ நீ கழுவின கிண்ணத்துல மறுநாள் வரைக்கும் ஷோர்பா இருந்துச்சு.”

அவர் இன்னும் சாப்பிடவில்லை. எப்போதும் அப்படித்தான். எல்லோரும் மாறி மாறிச் சாப்பிட்டு முடிக்கும்வரை இடையில் வரும் போன்களை அவரே எடுப்பார். கடைசியில் தனியாக உட்கார்ந்து அடியில் இருப்பதை ஊற்றிக்கொள்வார். இரண்டாம் பாதியும் எழுந்து போன பிறகு, கையில் பெட்டியோடு அவர் மூலைக்கு வந்தார்.

“பிள்ளைங்களுக்கு. இதுதான் கடைசிப் பெட்டி. பெருநாள் முடிஞ்சதும் நான் சூஸா போறேன்.”

“கேள்விப்பட்டேன்.”

“போகறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? உங்க புத்தகத்தப் படிச்சேன். எங்க கண்ணாடி இருக்கு, எங்க போன் பேரு இருக்கு, எங்க சண்டையெல்லாம் இருக்கு. நாங்க சாப்பிடறதப் பத்தி மட்டும் ஒரு வரி இல்ல. வருஷம் தவறாம வந்து பாத்தீங்களே, ஏன்?”

“அப்ப நான் எதையும் குறிச்சுக்கல.”

“அது தெரியும். வெடி போட்டதும் பேனாவ மூடிடுவீங்க. நான்தான் பாத்திருக்கேனே.”

“நீங்க என்னையவா பாத்துக்கிட்டிருந்தீங்க?”

“எங்க எல்லாரையும் பாக்க ஒரு ஆள் இருந்துச்சு. உங்களப் பாக்க ஒரு ஆள் வேண்டாமா டாக்டர்?” என்றார் முன்ஜி. சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டவர்போலக் கழுத்து ஹெட்செட்டைச் சரி செய்துகொண்டார். “கெளம்புங்க. வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க. ஹஸூனாகிட்டச் சொல்லி டாக்ஸி பிடிக்கச் சொல்றேன்.”

அவர் மேஜைக்குத் திரும்பிப் போனார்.

ரவ்தா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நவ்ஃபல் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவள்மேல் அவனுக்கு இருந்த குறை. இத்தனை வருடமாக ஒருவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தெரிந்தபோது அவளுக்கு அது குறையாகவே தோன்றவில்லை. யாரோ தோளில் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துபோன மாதிரி இருந்தது.

ஒருபக்கம் லிப்ட். அதில் ஏறினால் டாக்ஸி, காலியான சாலை, நான்காம் மாடி, ஒரு தட்டு, ஒரு கரண்டி. நாளை மறுபடியும் வர ஒரு காரணம் கண்டுபிடிக்கலாம். பெருநாளுக்குப் பிறகு அதுவும் முடியாது. இன்னொரு பக்கம் நீள மேஜை. சிரிப்பைக் கழற்றி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவள் அவள். அந்த இடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அங்கே நடந்து போக அவள் கால்களுக்குப் பழக்கமில்லை.

எழுந்தாள். பேனாவையும் தாளையும் நாற்காலியிலேயே விட்டாள்.

முன்ஜி பாத்திரத்தைச் சாய்த்து அடியில் இருந்த ஷோர்பாவைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அகப்பையை வைத்துவிட்டு, யாரும் தொடாத அந்தக் கூடுதல் கிண்ணத்தை, தினமும் செய்வதுபோல, எடுத்து அடுக்கக் கை நீட்டினார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

“என்ன டாக்டர், டாக்ஸி வந்துடுச்சா?”

ரவ்தா பெட்டியை மேஜைமேல் வைத்தாள். அது கிண்ணத்தில் இடித்தது.

“இத வாங்கித் திங்க என் வீட்ல பிள்ளைங்க இல்ல முன்ஜி.”

முன்ஜி பெட்டியைப் பார்த்தார்.

“யாருமே இல்ல. அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்பவும் இல்ல. எல்லாப் பெட்டியையும் நானேதான் தின்னேன்.”

பின்னால் ஹாஜரின் போன் குரல், யாரிடமோ பொறுமையாக, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. முன்ஜியின் கை அந்தக் கூடுதல் கிண்ணத்தின்மேல் அப்படியே நின்றது.

“டாக்டர்...”

“இந்த மேஜையில போன் பேரச் சொல்லக் கூடாதுன்னா, டாக்டர்னும் சொல்லக் கூடாது. என் பேரு ரவ்தா.” கண்ணாடியும் இல்லை, சிரிப்பும் இல்லை, தன் முகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. “அந்தக் கிண்ணத்த எடுத்து வச்சுடாதீங்க முன்ஜி. எனக்குக் கொஞ்சம் ஊத்துங்க. நான் உங்ககூட உக்காந்து சாப்பிடணும்.”